பாதியை வெட்டிட்டு வா, தம்பி

"அக்கா, கோட் வேலை செய்யல. கொஞ்சம் பாருங்களேன்." கூடவே ஒரு ஜிப் ஃபைல், ஓரம் வெட்டுப்பட்ட ஒரு ஸ்கிரீன்ஷாட். இப்படி மெசேஜ் வந்தால் என் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: "பாதியை வெட்டிட்டு வா, தம்பி. அப்பவும் பக் இருந்தா மிச்சத்துல இன்னொரு பாதியை வெட்டு."

கேட்கிறவனுக்கு இது தட்டிக்கழிப்பாகத்தான் தெரியும். அவசரத்தில் வந்து நிற்கிறவனுக்கு ஹோம்வொர்க் கொடுப்பதா? நாமும் இதைச் சொல்லிக்கொடுக்கும் விதம் அப்படித்தான் இருக்கிறது. அடுத்தவர் நேரத்தை வீணாக்காதே, ஆயிரம் வரியை இன்னொருவர் தலையில் கட்டாதே, சுருக்கிக் கேள். ஏதோ மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம் என்ற அளவில் சொல்லி நிறுத்திவிடுகிறோம்.

மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் உதவப்போகிறவருக்காக மட்டும் செய்கிற வேலை என்று நினைத்தால் அதற்கு யாருக்கும் கை வராது. நான் சொல்ல வருவது வேறு. சுருக்குவதுதான் பக் தேடுகிற வேலையே. ஒவ்வொரு வெட்டும் ப்ரோகிராமிடம் கேட்கிற ஒரு கேள்வி. வெட்டிய பிறகும் பக் இருக்கிறதா? அப்படியானால் வெட்டிப்போட்ட பகுதி நிரபராதி. பக் மறைந்துவிட்டதா? அப்படியானால் வெட்டியதில் ஏதோ இருக்கிறது. எது நடந்தாலும் ஒரு நிமிடத்துக்கு முன் தெரியாத ஒன்று இப்போது தெரிகிறது. எடிட்டரைத் திறந்து வைத்து அதே வரிகளை நாள் முழுக்க முறைத்துப் பார்த்தாலும் இது கிடைக்காது.

வீட்டில் மெயின் அடிக்கடி ட்ரிப் ஆனால் எலக்ட்ரீஷியன் வந்ததும் சுவரை உடைப்பதில்லை. எல்லா சர்க்யூட்டையும் ஆஃப் செய்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். எதைப் போட்டதும் விழுகிறதோ, அந்தப் பக்கம் போவார். அவ்வளவுதான் சூட்சுமம்.

கொடைக்கானல் கிடைக்கவில்லை

பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி, பழைய புகைப்படங்களை ஊர்வாரியாகத் தேடுவதற்கு ஒரு சின்ன வெப்சைட் செய்திருந்தான். பைத்தான், எஸ்க்யூலைட், முன்னால் கொஞ்சம் ஜாவாஸ்கிரிப்ட். மதுரை என்று தேடினால் படங்கள் வருகின்றன. கொடைக்கானல் என்று தேடினால் ஒன்றும் இல்லை. ஆனால் ஊர்ப் பட்டியல் பக்கத்தில் கொடைக்கானல் கண்ணெதிரே நிற்கிறது.

"சாதா சர்ச் தமிழுக்கு சரிப்படாது போலக்கா. எலாஸ்டிக்சர்ச் போட்டுடலாமா?"

"முதல்ல பிரவுசரைத் தூக்கு."

"எப்படிக்கா?"

"தேடுற ஃபங்ஷனை மட்டும் பைத்தான் ப்ராம்ப்ட்ல கூப்பிடு. ஊர் பேரை அங்கேயே கொடு."

கூப்பிட்டான். அங்கேயும் காலிப் பட்டியல்தான் வந்தது. அந்த ஒரே அடியில் எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட், முகவரியில் தமிழ் எழுத்து போகிற விதம் எல்லாம் கணக்கிலிருந்து போயின. அதுவரை அவனுடைய முழுச் சந்தேகமும் அந்த முகவரி மேல்தான் இருந்தது.

அடுத்தது டேட்டாபேஸ். "அதையும் தூக்கிட்டு, ஒரு லிஸ்ட்ல நாலஞ்சு ஊர் பேரை வச்சுத் தேடு" என்றேன். பெயர்களை டைப் செய்து ஓட்டினான். கொடைக்கானல் உடனே கிடைத்தது.

"அக்கா, சரியாயிடுச்சு!"

"சரியாகல தம்பி. காணாமப் போயிருக்கு."

இந்த இடத்தில்தான் பலரும் வெட்டுவதை நிறுத்திவிட்டு டேட்டாபேஸைத் திட்ட ஆரம்பிப்பார்கள். ஆனால் என்ன வெட்டினோம் என்று யோசித்துப் பார்த்தால், ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்கள் போயிருந்தன. டேட்டாபேஸ் போனது, அதற்குள் இருந்த பெயர்களும் போய், அவன் கையால் அடித்த பெயர்கள் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. ஒன்றை மட்டும் திரும்ப வைக்க வேண்டும். டேட்டாபேஸில் இருந்த பெயர்களை அப்படியே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி, டேட்டாபேஸ் இல்லாமல் அந்த ஃபைலை மட்டும் படிக்க வைத்தோம். பக் திரும்பி வந்தது. ஆக டேட்டாபேஸ் நிரபராதி. விஷயம் பெயர்களுக்குள்ளே இருக்கிறது.

இனி வெட்ட வேண்டியது பட்டியலை. மதுரை கிடைக்கிறது, சேலம் கிடைக்கிறது, தூத்துக்குடி கிடைக்கிறது. கொடைக்கானல் இல்லை, பொள்ளாச்சி இல்லை, கோவில்பட்டி இல்லை, நாகர்கோவில் இல்லை. இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் அவனே பார்த்துவிட்டான். "கிடைக்காத எல்லாத்துலயும் ஒகரம், ஓகாரம் இருக்குக்கா."

ஊர்ப் பெயரையும் வெட்டினோம். கடைசியில் மிஞ்சியது ஒரே ஓர் எழுத்து: ஃபைலிலிருந்து வந்த "கொ", கீபோர்டில் அடித்த "கொ". இரண்டும் சமமா என்று கேட்டால் இல்லை என்கிறது பைத்தான். நீளம் கேட்டால் ஒன்றுக்கு 2, மற்றதற்கு 3. ஒவ்வொரு குறியின் எண்ணையும் அச்சிடச் சொன்னால், கீபோர்டில் அடித்தது 2965, 3018. ஃபைலில் இருந்தது 2965, 3014, 3006.

யூனிகோடில் ககரத்துக்கு 2965. கொம்பும் காலும் சேர்ந்த ஒகரக் குறிக்குத் தனியாக 3018 என்று ஓர் எண் உண்டு. கொம்பைத் தனியாக 3014 என்றும், காலைத் தனியாக 3006 என்றும் அடுத்தடுத்து வைத்தாலும் அதே எழுத்துதான். இரண்டும் இணையானவை என்று யூனிகோட் தரமே சொல்கிறது. திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. ஆனால் பைத்தான் ஒப்பிடுவது எண்களை. ஓகாரத்துக்கும் ஔகாரக் குறிக்கும் இதே கதை. மதுரைக்கும் சேலத்துக்கும் இந்த வம்பே இல்லை, ஏனென்றால் அவற்றில் வரும் குறிகளைப் பிரித்து எழுத வழியில்லை.

பிரிந்த வடிவம் எங்கிருந்து வந்தது? படங்கள் முதலில் ஒரு பழைய மேக் கணினியில் ஊர் பெயரிட்ட ஃபோல்டர்களில் இருந்தன. அந்தக் கால மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம், பெயர்களைப் பிரித்த வடிவத்தில்தான் சேமிக்கும். இவன் ஸ்கிரிப்ட் ஃபோல்டர் பெயரையே ஊர் பெயராக எடுத்து டேட்டாபேஸில் போட்டிருந்தது. தீர்வு, பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி என்கிற சேர்ந்த வடிவத்துக்கு மாற்றிக்கொள்வது. பைத்தானிலேயே அதற்கு யூனிகோட்டேட்டா என்ற மாட்யூல் இருக்கிறது. இடத்துக்கு ஒரு வரி.

இதில் எனக்குப் பிடித்த விஷயம் தீர்வு அல்ல, கேள்வி மாறிய விதம். "தமிழில் சர்ச் வேலை செய்யவில்லை" என்று கேட்டிருந்தால் எலாஸ்டிக்சர்ச் போடு, டேட்டாபேஸை மாற்று, ஃபான்ட்டைப் பார் என்று ஆளுக்கொரு ஊகம் வந்திருக்கும். "பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இந்த இரண்டு எழுத்தும் சமமில்லை என்கிறது, ஏன்?" என்று கேட்டால், தமிழே தெரியாத ஒருவர்கூட பதில் சொல்லிவிடுவார். பிரெஞ்சின் உச்சிக்குறி எழுத்துகளிலும் கொரிய எழுத்துகளிலும் இதே சிக்கலைப் பார்த்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். வெட்ட வெட்ட, நம் ப்ரோகிராமுக்கே உரிய சமாச்சாரம் எல்லாம் உதிர்ந்து, பலருக்கும் தெரிந்த ஒரு சிக்கல் வெளியே வந்தது.

896 வரி, ஒரே வரி

இப்படிச் சுருக்குவது யாரோ சீனியர்கள் கட்டிவிட்ட வழக்கம் இல்லை. இதற்கு முறையான ஆராய்ச்சியே உண்டு. 1999 ஜூலையில் மொஸில்லா பிரவுசரின் பக் பட்டியலான பக்ஸில்லாவில் சுருக்கப்படாத பக் ரிப்போர்ட்டுகள் 370க்கு மேல் தேங்கிக் கிடந்தன. ஏதோ ஒரு வெப் பக்கம், திறந்தால் பிரவுசர் விழுகிறது. பக்கத்தில் எந்த வரி காரணம் என்று யாருக்கும் தெரியாது. எஞ்சினியர்களால் சமாளிக்க முடியாமல் தன்னார்வலர்களைக் கூப்பிட்டார்கள். வேலை இதுதான்: அந்தப் பக்கத்தை டெக்ஸ்ட் எடிட்டரில் திற, வரிகளை நீக்கு, பக் இன்னும் இருக்கிறதா பார், இன்னும் நீக்கு. நிறையச் சுருக்கித் தந்தவர்களுக்கு டி-ஷர்ட் பரிசு.

இதை ஏன் மனிதர் செய்ய வேண்டும் என்று கேட்டவர்கள் ஆந்திரேயாஸ் ஸெல்லர், ரால்ஃப் ஹில்டெப்ரான்ட் என்ற இரண்டு ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள். 2002இல் வந்த அவர்களுடைய கட்டுரையில், மொஸில்லாவை விழவைத்த 896 வரி எச்டிஎம்எல் பக்கத்தை, பக்கைக் கிளப்புகிற ஒரே வரியாக அவர்களுடைய ப்ரோகிராம் தானாகவே சுருக்கியது. அந்த வரியில் இருந்தது ஒரு செலக்ட் டேக். அதேபோல, பிரவுசர் விழுவதற்கு முன் செய்த 95 செயல்களில் உண்மையில் தேவைப்பட்டவை 3 மட்டுமே என்று கண்டுபிடித்தது. மொத்தம் 139 முறை ஓட்டிப் பார்த்தது. 500 மெகாஹெர்ட்ஸ் கணினியில் 35 நிமிடம். டெல்டா டீபக்கிங் என்று பெயர்.

அந்த முறையிலிருந்து நாம் கையால் வெட்டும்போது எடுத்துக்கொள்ள ஒரு பாடம் இருக்கிறது. இரண்டாக வெட்டினோம்; முதல் பாதி மட்டும் இருந்தால் பக் இல்லை, இரண்டாவது மட்டும் இருந்தாலும் இல்லை. அப்போது திகைத்து நிற்க வேண்டாம். பக்குக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் ஏதோ தேவைப்படுகிறது என்று அர்த்தம். நாலாக வெட்டி ஒவ்வொரு கால் பங்கையும் தனித்தனியாக நீக்கிப் பாருங்கள். அதிலும் பிடிபடாவிட்டால் எட்டாக.

பிறகு ஆட்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். யூட்டா பல்கலைக்கழகத்து ஜான் ரெகரும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட சி-ரெட்யூஸ், கம்பைலர் பக் கிளப்பும் பெரிய சி ஃபைலைக் கொடுத்தால் சில வரிகளாகக் கடைந்து தரும். கம்பைலர் எழுதுகிறவர்களுக்கே இந்தக் கருவி தேவைப்படுகிறது என்றால், நம் பாடு பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எப்படி வெட்டுவது

முதலில் ப்ராஜெக்ட்டைத் தனி ஃபோல்டரில் காப்பி எடுங்கள், அல்லது கிட்டில் ஒரு பிராஞ்ச் போடுங்கள். வெட்டுவதற்குப் பயம் இருந்தால் பெரிதாக வெட்ட மாட்டீர்கள். பக் இன்னும் இருக்கும் ஒவ்வொரு நிலையையும் கமிட் செய்துவிட்டால், அதிகமாக வெட்டிவிட்டாலும் ஒரு படி பின்னால் போய்க்கொள்ளலாம்.

பிறகு, "பக் இருக்கிறது" என்றால் என்ன என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். "இதைக் கொடுத்தால் இது வர வேண்டும், ஆனால் அது வருகிறது." இந்த வரியை எழுத முடியவில்லை என்றால் இன்னும் பக்கையே பிடிக்கவில்லை.

முதல் வெட்டுகள் பெரிதாக இருக்கட்டும். லாகின், டிசைன், லாக் எழுதுவது, மெயில் அனுப்புவது என்று மூட்டை மூட்டையாகத் தூக்குங்கள். 4,096 வரியைப் பாதி பாதியாக வெட்டினால் 12ஆவது வெட்டில் ஒரு வரிக்கு வந்துவிடலாம். நிஜத்தில் அவ்வளவு சுத்தமாக வெட்ட வராது, ஆனால் ஒவ்வொரு வரியாக நீக்குவதைவிட எவ்வளவு வேகம் என்று கணக்கு சொல்லிவிடுகிறது.

டேட்டாவையும் வெட்ட வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. லட்சம் வரி சிஎஸ்வி ஃபைலில் பக்கைக் கிளப்புவது ஒரு வரியாக இருக்கலாம். அதில் ஒரே ஒரு காலியான கட்டமாக இருக்கலாம். வரிகளைப் பாதி பாதியாகக் குறைத்துவிட்டு, நெடுவரிசைகளிலும் கை வையுங்கள். கடைசியில் மிஞ்சும் மூன்று நான்கு வரிகளை கோடுக்குள்ளேயே எழுதிவிட்டால் ஃபைலே தேவையில்லை. வெளியிலிருந்து வருவதையெல்லாம் அசையாமல் கட்டிப்போடுங்கள்: ஏபிஐ பதிலுக்குப் பதில் ஒரு நிலையான டெக்ஸ்ட், இன்றைய தேதிக்குப் பதில் ஒரு குறிப்பிட்ட தேதி, ரேண்டம் எண்ணுக்கு ஒரு நிலையான சீட்.

ஜூபிட்டர் நோட்புக்கில் வேலை செய்கிறவர்கள் வெட்டுவதற்கு முன்பே கெர்னலை ரீஸ்டார்ட் செய்து மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிவிடுங்கள். நேற்றே அழித்துவிட்ட செல்லில் உருவான வேரியபிள் இன்னும் மெமரியில் உட்கார்ந்திருக்கும். பலருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

வெட்டவே முடியாத அளவுக்குப் பின்னிக் கிடக்கிற ப்ரோகிராம் என்றால், எதிர்ப்பக்கமிருந்து வாருங்கள். காலி ஃபைலில் தொடங்கி, சந்தேகப்படும் லைப்ரரியை மட்டும் சேர்த்து, பக் வருகிற வரை ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். போன வாரம் ஓடிய கோட் இந்த வாரம் ஓடவில்லை என்றால் வரிகளை விட்டுவிட்டு காலத்தை வெட்டலாம்: கிட் பைசெக்ட், 1,000 கமிட்டுகளுக்கு நடுவில் எந்தக் கமிட்டில் உடைந்தது என்பதை சுமார் 10 சோதனையில் காட்டிவிடும்.

எங்கே சறுக்கும்

வெட்டிக்கொண்டே போகும்போது பக் ஆள் மாறிவிடும். தொடக்கத்தில் இருந்தது டைப் எரர். நடுவில் நீங்கள் ஏதோ ஓர் இம்போர்ட்டை நீக்க, இப்போது வருவது நேம் எரர். "எரர் வருது, பக் இருக்கு" என்று தொடர்ந்து வெட்டினால் கடைசியில் அழகான, சின்ன, சம்பந்தமே இல்லாத ஓர் உதாரணம் கையில் இருக்கும். அதைக் கொண்டுபோய்க் கேட்டால் பதிலும் சம்பந்தமில்லாமல்தான் வரும். அதனால்தான் அந்த ஒரு வரியை முதலிலேயே எழுதச் சொன்னேன். ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் அதோடு ஒப்பிடுங்கள்.

இன்னொன்று, ஞாபகத்திலிருந்து எழுதுவது. "என் கோட் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்" என்று புதிதாக அடித்து அனுப்புவார்கள். அடிக்கும்போதே கை தன்னையறியாமல் பக்கைத் திருத்திவிடும். அனுப்பியதை ஓட்டினால் ஜம்மென்று ஓடும். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

சில பக்குகளுக்கு வெட்டுவது ஒத்துவராது. இரண்டு த்ரெட் போட்டிபோடுவதால் வருவது, மெமரி நிறைந்த பிறகு வருவது எல்லாம் கோட் சிறிதானால் வேகம் மாறி ஒளிந்துகொள்ளும். அங்கே அளவைக் குறைப்பதைவிட, அதே துண்டை நூறு முறை லூப்பில் ஓட்டி எத்தனை முறை விழுகிறது என்று பார்ப்பது பயன் தரும். ஒரு மாற்றம் செய்த பிறகு அந்த எண்ணிக்கை கூடுகிறதா, குறைகிறதா என்பதே அங்கே உங்கள் கேள்வி. ப்ரொடக்‌ஷன் படுத்துக் கிடக்கும்போதும் வெட்டிக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் பழைய வெர்ஷனுக்குத் திரும்பி ஆட்களை உள்ளே விடுங்கள். வெட்டுவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

வெளியே கேட்கும்போது

சர்வீஸ் கம்பெனியில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. கிளையன்ட் கோட், வெளியே காட்டினால் வேலை போய்விடும். அதனால் யாரிடமும் கேட்காமல் தனியாக மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். சரியாகச் சுருக்கினால் கிளையன்டின் பெயர், டேபிள், பாஸ்வேர்டு எதுவும் மிஞ்சாது. மேலே சொன்ன கதையில் கடைசியில் இருந்தது ஒரு "கொ". அதில் என்ன ரகசியம் இருக்கிறது? கம்பெனி விதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இப்போது பலரும் ஆளைக் கேட்பதில்லை, சாட்ஜிபிடியிடம் எண்ணூறு வரியை ஒட்டுகிறார்கள். பதில் வேகமாக வரும், தைரியமாகவும் வரும். அந்த எண்ணூறு வரியில் குறை சொல்ல ஏதாவது ஒன்று எப்போதும் இருக்கும். அது உங்கள் பக்காக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கையில் ஆறு வரி உதாரணம் இருந்தால், சொன்ன திருத்தத்தைப் போட்டு ஓட்டிப் பார்த்து, பதில் சரியா தப்பா என்று அங்கேயே தெரிந்துகொள்ளலாம். பதில் சொன்னது மனிதரோ மெஷினோ, சோதிக்க ஒரு கல் உங்களிடம் இருக்கிறது.

அனுப்பும்போது நாலு விஷயம் இருந்தால் போதும். அப்படியே காப்பி எடுத்து ஓட்டக்கூடிய கோட். என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது. எரர் மெசேஜ் முழுதும், படமாக இல்லாமல் எழுத்தாக. மொழி, லைப்ரரி, ஆபரேட்டிங் சிஸ்டம் இவற்றின் வெர்ஷன். இந்த நாலும் இருக்கிற கேள்வியைப் பார்த்தால், வேலை தெரிந்தவர்களுக்குக் கை சும்மா இருக்காது. டீ குடிக்கப் போகிறவர்கூட ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

பதில் கிடைத்ததும் அந்த உதாரணத்தைத் தூக்கிப் போடாதீர்கள். டெஸ்ட் ஃபோல்டரில் போட்டு வையுங்கள். அந்தத் தம்பியின் ப்ராஜெக்ட்டில் இப்போது ஒரு டெஸ்ட் இருக்கிறது: 3018 உள்ள கொடைக்கானலைத் தேடினாலும், 3014, 3006 உள்ள கொடைக்கானலைத் தேடினாலும் ஒரே படங்கள் வர வேண்டும். நாளைக்குப் புதிதாக வரும் ஒருவர் "இந்த நார்மலைஸ் வரி எதுக்குச் சும்மா கிடக்கு?" என்று நீக்கினால் டெஸ்ட் சிவப்பாகும். அதைப் பார்த்து அவர் அந்த வரியைத் திரும்ப வைத்துவிடுவார், யாரையும் கேட்காமலேயே.